கார் போர்ச்சில் ஜிம்னியை 40 மி.மீ. உயர்த்தினோம்

மலேசியாவில் கோத்தா திங்கிக்கு அப்பால் மாமாவின் சிறிய செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் எங்கள் சுஸூக்கி ஜிம்னி ஒரே நாளில் இரண்டு இடங்களில் அடிபட்டது. முதல் இடம், வடிகாலுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கட்டிய ஒரு மேடு. முன்சக்கரங்கள் ஏறி இறங்கிவிட்டன. பின்சக்கரங்கள் ஏறுவதற்குள் வண்டியின் நடுவயிறு மேட்டின் முதுகில் உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது இடம், குலை ஏற்றும் லாரிகள் மழைக்காலத்தில் உழுதுவிட்டுப் போன இரட்டைத் தடம். அதில் இறங்கியதிலிருந்து ஏறும்வரை அடியில் ஏதோ ஒன்று நடுமேட்டைச் சுரண்டிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு சுரண்டலுக்கும் பின்இருக்கையில் இருந்த அம்மா கதவுப் பிடியை இறுகப் பற்றினார்.

அன்றிரவு சிங்கப்பூருக்குத் திரும்பும் வழியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்றபோதே வண்டியை உயர்த்துவது என்று முடிவு செய்துவிட்டேன். உயரமான ஸ்பிரிங் போட்டால் இரண்டு தொல்லையும் தீரும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. பணம் செலவழிக்கும் முன் இதை யாராவது எனக்கு விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஜிம்னியில் முன்னும் பின்னும் இறுகிய ஆக்சில். இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கிறது, அந்தத் தண்டில்தான் டிஃபரன்ஷியல் என்ற இரும்புக் குடம் தொங்குகிறது. வண்டியிலேயே தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான், 210 மி.மீ. என்று விவரத்தாளில் போட்டிருக்கும் தரையிடைவெளி அங்கேதான் வருகிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் சட்டகமும் உடலும் உயரும். ஆக்சில் உயராது, ஏனென்றால் அது சக்கரத்தின் நடுவில் இருக்கிறது, சக்கரம் தரையில் இருக்கிறது. டிஃபரன்ஷியலைத் தூக்க வேண்டுமென்றால் டயரின் விட்டம் கூட வேண்டும், வேறு வழியில்லை. ஆக, மேட்டில் வயிறு தட்டியதற்கு ஸ்பிரிங் மருந்து. லாரித் தடத்தில் சுரண்டியதற்கு அது மருந்தே அல்ல.

இது புரிந்த பிறகும் உயர்த்துவதில் உறுதியாக இருந்தேன். மாமாவின் தோட்டத்துக்குப் போகும் வழியில் அப்படிப்பட்ட மேடுகள் நான்கு இருக்கின்றன. டயரை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவிட்டேன்.

நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது: அறவே கூடாதவை, ஒப்புதல் பெற்றுச் செய்ய வேண்டியவை, ஒப்புதல் இல்லாமல் செய்யக்கூடியவை. நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நான் ஸ்பிரிங் தொகுப்பின் விவரத்தாள், உயரும் அளவு, வண்டியின் பதிவு விவரம் மூன்றையும் சேர்த்து ஆணையத்துக்கே எழுதிக் கேட்டேன். பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன். காப்புறுதி நிறுவனத்துக்கும் அதே தாள்களை அனுப்பினேன். எனக்குக் கிடைத்த பதிலை உங்கள் வண்டிக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள், உங்கள் வண்டியின் விவரத்தோடு நீங்களே கேளுங்கள். இங்கே மூன்று வயதைக் கடந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும், பத்து வயதைக் கடந்தால் ஆண்டுதோறும். வாகன உரிமைச் சான்றிதழுக்கு நாம் கொடுக்கும் விலையை நினைத்தால், ஒரு ஸ்பிரிங்குக்காக அந்த வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாத நிலைக்குக் கொண்டுபோவதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது, எவ்வளவு உயரம்? 40 மி.மீ., 50 மி.மீ., அதற்கும் மேல் என்று கிடைக்கிறது. உயரம் கூடக்கூட பிரேக் குழாய், ஆக்சிலின் இருப்பிடம், ஸ்டியரிங்கின் கோணம் என்று திருத்த வேண்டியவையும் கூடுகின்றன. குறைந்த அளவிலேயே என் தேவை நிறைவேறும் என்பதால் 40-ஐ எடுத்தேன். அந்த அளவிலும் சில திருத்தங்கள் தேவைப்பட்டன, பின்னால் வருகிறது.

ஸ்பிரிங்கின் உயரத்தைவிட அதன் விறைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரே உயரத்துக்கு இலகு, நடுத்தரம், பாரம் என்று வகைகள் உண்டு. இரும்பு பம்பரும் வின்ச்சும் எப்போதும் பொருத்தியிருப்பவர்களுக்குத்தான் பார வகை. வெறும் வண்டியில் அதைப் போட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் துள்ளும், விளம்பரத்தில் சொன்னதைவிட அதிகமாகவும் உயர்ந்து நிற்கும். நான் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் எல்லாவற்றையும் குளியலறை எடைக்கருவியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். தண்ணீர், அடுப்பு, கயிறு, மண்வெட்டி, மாமாவுக்கு அரிசி மூட்டை எல்லாம் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டவில்லை. இலகு வகையை வாங்கினேன். அம்மாவின் முதுகு அதற்காக எனக்கு நன்றி சொல்கிறது.

வேலையைச் செய்ய இடம்? நாங்கள் இருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில். அதன் கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்து வேலை பார்க்க விதி இடம் தராது, பக்கத்து வண்டிக்காரருக்கும் அது நியாயமில்லை. செம்பவாங்கில் அக்காவுக்குத் தரைவீடு. அத்தான் 30 ஆண்டுகளுக்கு மேல் கப்பல் பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். போர்ச்சை இரண்டு சனிக்கிழமைகளுக்குக் கேட்டேன். "இடம் தருகிறேன். ஆனால் என் போர்ச்சில் என் விதிதான் நடக்கும்" என்றார்.

அவருடைய விதி பட்டறையிலிருந்து வந்தது. அங்கே காலையில் கருவியைத் தொடும் முன் எல்லாரும் வட்டமாக நின்று, இன்று என்ன வேலை, எதில் யாருக்கு அடிபடலாம் என்று பேசிவிட்டுத்தான் கலைவார்களாம். சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அவர், நான், பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகள் மூவரும் அப்படியே போர்ச்சில் நின்றோம். அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்தவற்றை முழுதாக எழுத விரும்புகிறேன். வீட்டில் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு உயிரோடு தொடர்புடைய பகுதி இதுதான்.

தரைவீட்டுப் போர்ச் பெரும்பாலும் மழைநீர் வடிவதற்காக வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு, தூக்கிய வண்டிக்குத் தெரியும். கைப்பிரேக் ஜிம்னியில் பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பிரேக் பிடித்திருப்பது காற்றில் தொங்கும் சக்கரங்களை. ஆட்டோ கியரில் பார்க்கிங் போட்டிருக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். இரு சக்கர ஓட்டத்தில் அதுவும் பின்ஆக்சிலைத்தான் பூட்டுகிறது, ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலே டிஃபரன்ஷியல் வழியாக மற்றது உருள முடியும். ஆகவே நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டு, தரையில் நிற்கும் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். அத்தான் பின்னால் போய் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் ஜாக்கைத் தொடவிட்டார்.

போர்ச்சின் தரை ஓடு. தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் நான்கு கால் முனைகளும் ஓட்டில் நேராக அழுத்தினால் ஓடு வெடிக்கும், வெடித்தால் ஸ்டாண்டு சாயும். 18 மி.மீ. பிளைவுட் பலகைகளை அடியில் போட்டோம். ஜாக்குக்கு நீளமான பலகையாகத் தேர்ந்தெடுத்தோம். தூக்கும்போது ஜாக்கின் கை வில்போல வளைந்து எழுவதால் அதன் சக்கரங்கள் சற்று முன்னே உருள வேண்டும். பலகையின் ஓரத்தில் அது தடுக்கினால் மேல்முனை வழுக்கும்.

ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வைக்க முடியாது, ஆக்சில்தான் கீழே இறங்க வேண்டியது. சட்டகத்துக்கு அடியில் வைக்க வேண்டும். சக்கரம் தொங்குவதற்கும் இடம் வேண்டுமென்பதால், சிறிய கார்களுக்கு விற்கும் ஸ்டாண்டு எட்டாது. இதை யோசிக்காமல் நான் குட்டை ஸ்டாண்டுகளை வாங்கி வந்திருந்தேன். அடியில் மரக்கட்டை அடுக்கிச் சமாளிக்கலாமா என்று கேட்டதும் அத்தான் வேலையை நிறுத்திவிட்டார். "கட்டை மேல் ஸ்டாண்டு வைத்தால் நீ கீழே போகக் கூடாது, நானும் போக மாட்டேன்" என்றார். ஜாலான் புசார் கடைகள் திறக்கும்வரை காத்திருந்து உயரமான 3 டன் ஸ்டாண்டுகளாக மாற்றி வந்தேன். ஒன்றரை மணி நேரம் போனது. இன்றைக்கும் அதுதான் அன்றைய நாளின் மிகச் சரியான ஒன்றரை மணி நேரம் என்று நினைக்கிறேன்.

தூக்கும் முன் அளவெடுத்தோம். தரையிலிருந்து சக்கர வளைவுவரை அளக்காதீர்கள், டயர் காற்று குறைந்தாலே அந்த எண் மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து வளைவின் உதடுவரை நான்கு மூலையிலும் அளந்து, அக்கா மகள் சுவரில் காகிதம் ஒட்டி எழுதினாள். பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்கு இருந்தது. சிங்கப்பூர் வண்டி எல்லையைக் கடக்க முக்கால் தொட்டியாவது இருக்க வேண்டும் என்பதால் எங்கள் வண்டி மண்பாதையைப் பார்ப்பது எப்போதும் ஏறக்குறைய அந்த எடையோடுதான். பின்னர் எடுத்த அளவுகளையும் அதே முக்கால் தொட்டியில் எடுத்தோம். முகப்பு விளக்குகளை எரியவிட்டு, எதிர்ச்சுவரில் ஒளியின் மேல்விளிம்பில் டேப் ஒட்டி வைத்தோம். உயர்த்திய பிறகு எதிரே வருபவரின் கண்ணில் ஒளியடிக்காமல் திருத்த அந்த டேப்தான் துணை.

பின்பக்கம் எளிது. ஜிம்னியில் ஸ்பிரிங்கும், அதன் துள்ளலைத் தணிக்கும் ஷாக்கும் தனித்தனியே நிற்பதால் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி தேவைப்படவில்லை. பல கார்களில் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். அமுங்கிய நிலையில் அதைப் பிரிப்பது துப்பாக்கியைப் பிரிப்பதற்கு ஒப்பானது, அந்த வேலையை வீட்டில் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எங்களுக்கு, சட்டகம் ஸ்டாண்டில் நிற்க, ஆக்சிலை ஜாக்கில் தாங்கிக்கொண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, மெல்ல இறக்கினால் போதும்.

மெல்ல என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஆக்சிலோடு கீழே வருபவை சக்கரங்கள் மட்டுமல்ல: பிரேக் குழாய், ஏபிஎஸ் கம்பி, டிஃபரன்ஷியல் மூச்சுவிடும் ரப்பர் குழாய், முன்பக்கத்தில் சக்கர ஹப்புகளை இணைக்கும் மெல்லிய வேக்குவம் குழாய். பிரேக் குழாய் இறுகினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே நூல் அறுந்துகொண்டிருக்கும். ஆகவே அவற்றைச் சட்டகத்தில் பிடித்திருக்கும் தகடுகளை முன்கூட்டியே கழற்றித் தளர்த்தினோம். அக்கா மகளுக்கு ஒரே வேலை: டார்ச்சை அந்தக் குழாய்கள்மேல் அடித்துக்கொண்டு நிற்பது, இறுகுவதாகத் தோன்றினால் கத்துவது. நான் ஜாக்கின் பிடியை விரல் அளவு திருப்ப, அவள் "இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது, போதும்!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள்.

இடது பின் ஷாக்கின் போல்ட் மட்டும் துருப்பிடித்து அசையவில்லை. தேசாரு கடற்கரையில் ஓட்டிவிட்டு அடியைக் கழுவாமல் விட்டதன் பலன். நான் நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்கப் போனேன். அத்தான் தடுத்தார். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை அப்படி இழுத்தால் வண்டியே நகரும். துரு எண்ணெய் தெளித்து, தேநீர் குடித்து, மறுபடி தெளித்து, முதலில் இறுக்கும் பக்கமாக இம்மி அசைத்து, பிறகு தளர்த்தினார். முக்கால் மணி நேரத்தில் சத்தமில்லாமல் வந்துவிட்டது.

புது ஸ்பிரிங்குகளில் இடது, வலது என்று சிறு சீட்டு ஒட்டியிருந்தது. ஓட்டுநர் பக்கத்துக்கு ஒன்றைச் சற்று நீளமாகச் செய்யும் தயாரிப்பாளர்கள் உண்டு. சீட்டைக் கிழிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் வால்முனை அதன் இருக்கையில் உள்ள பள்ளத்தில் போய் முட்டி நிற்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதை ஆக்சில் தொங்கும்போதே செய்யுங்கள், ஜாக் எழத் தொடங்கியபின் விரலை உள்ளே விடாதீர்கள்.

மதியம் மூன்று மணிக்கு மழை கொட்டியது. முன்பக்கத்தை அடுத்த சனிக்கிழமைக்கு விட்டோம்.

முன்பக்கத்தில் ஷாக்கின் மேல் நட் இஞ்சின் அறைக்குள் இருக்கிறது. நட்டைத் திருப்பினால் தண்டும் சேர்ந்து சுழலும், தண்டின் முனையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைக் கழற்றினால்தான் ஆக்சில் போதிய அளவு இறங்குகிறது. புது ஸ்பிரிங் நீளம் என்பதால் அப்போதும் உள்ளே போகவில்லை. ஆக்சிலைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம்களின் போல்ட்டுகளையும், குறுக்கே ஓடும் பேன்ஹார்ட் ராடின் போல்ட்டையும் தளர்த்திய பிறகு ஆக்சில் தாராளமாக இறங்கியது, ஸ்பிரிங் உட்கார்ந்தது. பழையபடி எல்லாவற்றையும் மாட்டினேன். அத்தான் மதிய உணவுக்கு உள்ளே போயிருந்தார். வேலை முடியப் போகும் மகிழ்ச்சியில், வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சை எடுத்து ஒவ்வொரு போல்ட்டையும் சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கிவிட்டேன். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடும் போட்டேன்.

அளவு சரி. இறுக்கிய நேரம்தான் தவறு. அது எனக்கு அன்று தெரியாது.

சக்கரங்களை மாட்டி, தரையில் இறக்கி, சக்கர நட்டுகளை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். ஓட்டத் தொடங்கிய சில நிமிடங்களில் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டு விளக்கு எரிந்தது. காரணம் எளிது. உடல் உயர்ந்ததும் ஸ்டியரிங் பெட்டிக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தண்டின் கோணம் மாறுகிறது. வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் வளையம் சாய்ந்து நிற்கிறது. வளையம் சொல்வதும் வண்டி போவதும் ஒத்துவராததால் கணினி குழம்புகிறது. வளையத்தைக் கழற்றி நேராக மாட்டுவது இதற்குத் தீர்வல்ல. அந்தத் தண்டிலேயே நீளத்தைத் திருத்தும் திருகுக் குழல் இருக்கிறது. இரண்டு பூட்டு நட்டுகளையும் தளர்த்தி, குழலைச் சிறிது திருப்பி, வளையம் நேராகும்வரை பார்த்துப் பூட்டினோம். விளக்கு அணைந்தது. இதைச் சாலைக்குப் போகும் முன்பே செய்திருக்க வேண்டும்.

முதலில் மண்டாய் சாலையில் நிதானமாக, பிறகு சிலேத்தார் விரைவுச்சாலையில். அங்கேதான் இரண்டு குறைகள் தெரிந்தன. திரும்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் முன்புபோலத் தானாக நடுவுக்கு வரவில்லை, 80 கி.மீ. வேகத்தில் வண்டி தன் தடத்தைத் தானே பிடித்துக்கொள்ளாமல், கை ஓயாமல் சிறுசிறு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. இன்னொன்று, ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல், அதோடு விறைப்பான ஓட்டம். அளந்து பார்த்தால் முன்பக்கம் 49 மி.மீ. உயர்ந்திருந்தது. 40 என்றல்லவா வாங்கினோம்?

புது ஸ்பிரிங் போகப்போக அமரும் என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அத்தான் டார்ச்சோடு குனிந்து ஆர்மின் புஷ்ஷைப் பார்த்தார். ரப்பரின் விளிம்பு முறுக்கிப் பிழிந்த துணிபோல ஒருபக்கமாகச் சுருண்டிருந்தது. "இதை எப்போது இறுக்கினாய், மாப்பிள்ளை?" என்றார். சொன்னேன். அவர் திட்டவில்லை, பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார்.

இந்தப் புஷ் இரண்டு இரும்புக் குழல்களுக்கு இடையே ஒட்டப்பட்ட ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழல் அதைப் பிடித்திருக்கும் தகட்டோடு பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆர்ம் அசையும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலையில்தான் ரப்பர் ஓய்வாக இருக்கும். நான் சக்கரம் தொங்கும்போது இறுக்கினேன். வண்டி தரையில் இறங்கியதும் எல்லாப் புஷ்களும் முறுக்கிக்கொண்டன, நின்றாலும் ஓடினாலும் முறுக்கியபடியே இருந்தன. அந்த முறுக்கு தானே ஒரு கூடுதல் ஸ்பிரிங்காகி வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் சில மாதங்களில் ரப்பர் கிழிந்திருக்கும்.

திருத்துவது கடினமல்ல. வண்டியைத் தன் நான்கு சக்கரத்தில் தரையில் நிறுத்தி, ஆர்ம்களின் போல்ட்டுகளையும் பேன்ஹார்ட் ராடின் போல்ட்டுகளையும் முழுதாகக் கழற்றாமல் தளர்த்தி, பம்பரை நாலைந்து முறை அழுத்தி ஆட்டி, வண்டி தன் இயல்பான உயரத்தில் நின்ற பிறகு, அந்த நிலையிலேயே இறுக்க வேண்டும். ஜிம்னியின் அடியில் ஒரு மெலிந்த ஆள் நுழைய இடம் இருக்கிறது. தளர்த்தியதும் முனகலோடு வண்டி இறங்கியதை நாங்கள் மூவரும் கண்ணால் பார்த்தோம். மறுபடி அளந்தால் 43.

ஸ்டியரிங் குறை அதில் தீரவில்லை, தீராது என்பதும் கணக்கில் தெரிந்தது. முன்ஆக்சில் ரேடியஸ் ஆர்மோடு பிணைந்திருக்கிறது. உடல் உயர்ந்தால் ஆர்ம் சாயும், அதே பாகைக்கு ஆக்சிலும் உருளும். உயர்ந்த அளவை ஆர்மின் நீளத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் பாகை கிடைக்கும். ஆர்ம் 650 மி.மீ. இருந்தால், 40 மி.மீ. உயர்வுக்கு ஏறக்குறைய மூன்றரைப் பாகை. ஸ்டியரிங்கைத் தானாக நடுவுக்குக் கொண்டுவருவது காஸ்டர் என்ற அச்சுச் சாய்வு. முன்னமே அதிகமில்லாத அந்தச் சாய்விலிருந்து இது கழிகிறது. மிதிவண்டியின் முன்கவை நேராக நிமிர்ந்துவிட்டால் கையை விட்டு ஓட்ட முடியாதல்லவா, அதே நிலைதான்.

துளை நடுவில் இல்லாமல் ஒருபக்கம் தள்ளியிருக்கும் புஷ்களைப் போட்டு இழந்த சாய்வை மீட்கலாம். அவற்றை அழுத்தி ஏற்ற ஹைட்ராலிக் பிரஸ் தேவை. சுத்தியலால் அடித்து ஏற்றும் வேலையல்ல. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். துளை எந்தப் பக்கம் தள்ளியிருக்க வேண்டும் என்பதை இரண்டு ஆர்மிலும் வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தேன். திருப்பிப் போட்டால் இருக்கும் சாய்வும் போய்விடும். எல்லாம் ஏற்றி முடித்து, வண்டி தூக்கியில் தொங்கும்போதே மெக்கானிக் காற்று ரெஞ்ச்சை எடுத்தார். நான் ஓடிப்போய்த் தடுத்து, கீழே இறக்கி இறுக்கச் சொன்னேன். வேலையை நன்கு அறிந்த, நாள் முழுதும் வியர்த்து உழைக்கும் மனிதர் அவர். பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைத்தார், அவ்வளவுதான். பட்டறையில் செய்தாலும் அந்தக் கடைசி இறுக்கத்தின்போது பக்கத்தில் நில்லுங்கள். அங்கேயே சக்கரக் கோணங்களையும் அளந்து அச்சிட்ட தாளை வாங்கிக்கொண்டேன்.

பேன்ஹார்ட் ராடைப் பற்றிக் கொஞ்சம். இதன் ஒரு முனை சட்டகத்தில், மறுமுனை ஆக்சிலில். உடல் உயர்ந்தால் ராடின் சரிவு கூடி, சட்டகத்தில் பிடித்திருக்கும் பக்கமாக ஆக்சிலை இழுக்கும். எங்கள் வண்டியில் சில மில்லிமீட்டர் நகர்ந்தது, டயர் எதிலும் உரசவில்லை என்பதால் விட்டுவிட்டேன். 50-க்கு மேல் உயர்த்துபவர்கள் நீளம் திருத்தக்கூடிய ராடை வாங்குவது நல்லது. அதேபோல் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, பிறகு மறுபக்கம் திருப்பி, பிரேக் குழாய்கள் எதிலாவது இறுகுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

500 கி.மீ. ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச்சில் பார்த்தோம். ஷாக்கின் கீழ்ப் போல்ட் ஒன்று சிறிது திரும்பியது. வெள்ளைக் கோடு விலகியிருந்ததால் ரெஞ்ச் வைக்கும் முன்பே தெரிந்தது. பழைய ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவி எங்கள் வீட்டுச் சாமான் அறையில் வைத்திருக்கிறேன்.

போன மாதம் மாமாவின் தோட்டத்துக்கு மறுபடி போனோம். வடிகால் மேட்டில் முன்சக்கரம் இறங்கி, நடுவயிறு மேட்டைக் கடந்து, பின்சக்கரம் ஏறியது. அடியில் சத்தமே இல்லை. அம்மா என் தோளைத் தட்டினார். அடுத்த திருப்பத்தில் லாரித் தடம் வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். நடுமேடு முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருந்தது, டிஃபரன்ஷியல் அதைவிடத் தாழ்வு. தடத்தில் இறங்காமல், இடது சக்கரங்களை நடுமேட்டின் மேலும் வலது சக்கரங்களைப் பாதையோரப் புல்லின் மேலும் ஏற்றி, நடைவேகத்தில் ஓட்டிப்போனேன். அத்தான் முன்னால் நடந்து, கையைக் காட்டிக் காட்டி வழி சொன்னார்.